சங்கப் பூக்களின் மறைபொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பூவுக்கு ஒரு பொருள் என்று பட்டியல் போட்டுவிட முடியாதா?

போடலாம். ஆனால் நாலு பாட்டு தாண்டுவதற்குள் இடிக்கும். முல்லையை எடுத்துக்கொள்வோம். "முல்லை சான்ற கற்பு" என்று சங்கப் புலவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால் முல்லை என்றால் கற்பு, காத்திருத்தல் என்று எழுதி வைத்துவிடுகிறோம். புறநானூறு 242-இல் குடவாயில் கீரத்தனார், வல்வேல் சாத்தன் இறந்த பிறகு ஒல்லையூர் நாட்டில் பூத்த முல்லையைப் பார்த்துக் கேட்கிறார்: இளைஞர் சூடமாட்டார்கள், வளையணிந்த பெண்கள் பறிக்கமாட்டார்கள், பாணன் சூடமாட்டான், பாடினி அணியமாட்டாள், நீ ஏன் பூத்தாய்? "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?" இங்கே முல்லைக்குக் கற்பு என்ற பொருளை ஒட்டவைத்தால் பாட்டே கெட்டுப்போகும்.

பூவின் பொருள் நாலு கேள்விகளுக்கான பதிலில் இருக்கிறது. யார் சூடுகிறார்? எந்த நிலத்தில்? எந்தப் பொழுதில்? யார் யாரிடம் சொல்கிறார்? இந்த நாலும் தெரியாமல் பூவின் பெயரை மட்டும் வைத்துப் பொருள் சொல்வது ஊகம்தான்.

ஐந்திணையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

திணை என்றால் நிலம், காதலின் நிலை, பொழுது மூன்றும் சேர்ந்த பிரிவு. குறிஞ்சி மலை, கூடல், நள்ளிரவு. முல்லை காடு, காத்திருத்தல், கார்கால மாலை. மருதம் வயல்; ஊடல்; விடியல். நெய்தல் கடற்கரை, இரங்கல், எற்பாடு (பொழுது சாயும் நேரம்). பாலை வறண்ட வழி, பிரிவு, நண்பகல். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு இழந்தால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பள்ளிப் பாடத்தில் இதை அட்டவணையாகப் படித்திருப்பீர்கள். அட்டவணை சரிதான், தேர்வுக்குப் போதும். பாட்டைப் படிக்கப் போதாது.

குறிஞ்சித் திணைப் பாட்டில் குறிஞ்சிப் பூ கட்டாயம் வருமா?

வராது. "செம்புலப் பெயல்நீர்" பாட்டில் (குறுந்தொகை 40) ஒரு பூகூட இல்லை. அது குறிஞ்சித் திணைதான். திணையை முடிவு செய்வது உரிப்பொருள், அதாவது காதலில் எந்த நிலை என்பது. பூ அதற்குத் துணை.

குறிஞ்சிப் பூ நேரடியாக வரும் இடங்கள் உண்மையில் குறைவு. குறுந்தொகை 3-இல் தேவகுலத்தார் "கருங்கோற் குறிஞ்சிப் பூ" என்கிறார். தண்டின் கருநிறம் வரை பார்த்து எழுதியிருக்கிறார். அந்தப் பூவிலிருந்து தேனீக்கள் பெருந்தேன் சேர்க்கும் நாட்டுக்காரனோடு எனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று தலைவி சொல்கிறாள். அபூர்வமாகப் பூக்கும் பூ; அதைத் தேடி எடுத்த தேன். நட்பின் அருமை அங்கே இருக்கிறது. அந்தப் பூ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது என்று தெரிந்தவர்களுக்கு அது இன்னும் அழுத்தமாகக் கேட்கும்.

கடற்கரைப் பாட்டில் மலைப் பூ வந்தால் புலவர் தவறிவிட்டார் என்று கொள்ளலாமா?

கூடாது. தொல்காப்பியர் இதற்கு விதியே சொல்லிவிட்டார். எந்த நிலத்துப் பூவும் பறவையும் தன் நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்தின் பயனைத் தரும். ஆகவே முதலில் பாட்டின் நிலத்தை உறுதி செய்யுங்கள், பிறகு பூவைப் பாருங்கள். தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். பூவை முதலில் பிடித்துக்கொண்டு அதற்கேற்பத் திணையை மாற்றிவிடுகிறார்கள்.

உள்ளுறை என்கிறார்களே, பூவுக்குள் ஒளிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளுறை என்பது இயற்கை வருணனைக்குள் வேறொரு செய்தியை மறைத்துச் சொல்வது. அகநானூறு 46-ஐ வைத்துப் பார்ப்போம். அள்ளூர் நன்முல்லையார் பாடியது. தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வாசலில் நிற்கிறான். தோழி அவனை உள்ளே விடவில்லை. அவனை "ஊர!" என்று கூப்பிடுகிறாள். அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதற்குத்தான் வருணனை: சேற்றில் நின்று சலித்த செங்கண் எருமை, ஊர் உறங்கும் இரவில் கட்டிய கயிற்றை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் விலக்கி, நீர் நிறைந்த வயலில் மீன்கள் சிதறியோட இறங்கி, வள்ளைக் கொடியைக் கலக்கி, வண்டு ஊதும் தாமரையைத் தின்கிறது.

இப்போது படிப்படியாகப் போகலாம். முதலில் வருணனையைத் தனியே பிரித்து எடுங்கள். பெரும்பாலும் அது "ஊரன்", "நாடன்", "துறைவன்" என்ற சொல்லுக்கு முன்னால் நீளமாகத் தொங்கும். அடுத்து அதில் வரும் வினைகளை வரிசையாக எழுதுங்கள்: சலித்தது, அறுத்தது, விலக்கியது, கலக்கியது, தின்றது. பெயர்களைவிட இந்த வினைகள்தான் சாவி. பிறகு பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று குறித்துக்கொண்டு, அதே வினைகளைத் தலைவனின் செயலோடு பொருத்துங்கள். வீட்டில் சலித்தவன், கட்டுப்பாட்டை அறுத்தவன், காவலைத் தாண்டியவன், வேறொருத்தியிடம் போனவன். தாமரை அந்தப் பரத்தை. "வண்டு ஊது" என்ற அடையைத் தோழி சும்மா போடவில்லை. அங்கே ஏற்கெனவே வேறு வண்டுகளும் உண்டு.

இங்கே நிறுத்திவிட வேண்டும். மீன் யார், வள்ளை யார், கயிறு எத்தனை இழை என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடினால் பாட்டு விடுகதையாகிவிடும். உரைகளில் அப்படித் தேடியவையும் உண்டு. மீனும் வள்ளையும் அவன் போன வழியில் கலங்கியவை என்று கொண்டால் போதும். கடைசியில் தோழி, போ பெருமானே, உன்னைத் தடுப்பவர் யார் என்று முடிக்கிறாள். எருமை என்று அவனை நேராக ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

உள்ளுறையில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா?

அந்த நிலத்துக் கருப்பொருள்களில் தெய்வத்தைத் தவிர மற்றவை வரலாம்: பூ, மரம், விலங்கு, பறவை, நீர். யார் பேசுகிறார் என்பதற்கும் வரம்பு உண்டு. தலைவி பேசினால் அவள் அறிந்த பொருள்கள் மட்டும். தோழி பேசினால் தன் நிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது. தலைவன் பேசினால் அவன் அறிவு வன்மை தெரியப் பேசலாம். மற்றவர்களுக்கு எல்லை இல்லை. பாட்டுக்கு விளக்கம் எழுதும்போது இந்த விதி நல்ல உரைகல். வீட்டைவிட்டு வெளியே போகாத தலைவியின் வாயில் தொலைதூரத்துப் பூவின் மறைபொருளை ஏற்றினால், விளக்கம்தான் தவறு.

பூ பூத்ததைச் சொன்னாலே செய்தி என்கிறார்களே, எப்படி?

பூதான் அன்றைய நாட்காட்டி. கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிப் போகிறான் தலைவன். கொன்றை பூத்தால் கார் வந்துவிட்டது என்று பொருள். வரவில்லை என்றால் வாக்குத் தவறியவன். குறுந்தொகை 66-இல் கொன்றை பூத்துக் குலுங்குகிறது, அவன் வரவில்லை, தலைவி கலங்குகிறாள். தோழி சமாளிக்கிறாள்: இந்தக் கொன்றை மரம் அறிவில்லாதது, திடீரென்று பெய்த வம்ப மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டது. குறுந்தொகை 21-இல் தலைவியே பேசுகிறாள். காடு முழுக்கக் கொன்றை பூத்து இது கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். "அவர் பொய் வழங்கலரே". ஒரே பூ, ஒரே சாட்சியம். ஒருத்தி மரத்தைக் குற்றம் சொல்கிறாள், இன்னொருத்தி சாட்சியத்தையே ஏற்கவில்லை.

வேங்கை வேறு கதை. அது பூத்தால் தினை அறுவடை நெருங்கிவிட்டது. தினைப்புனக் காவல் முடியும், பெண்கள் வீடு திரும்புவார்கள், சந்திப்பு நிற்கும். "வேங்கை பூத்துவிட்டது" என்று தோழி தலைவன் காதில் விழச் சொன்னால், சீக்கிரம் பெண் கேட்டு வா என்று அர்த்தம்.

அதே வேங்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. குறுந்தொகை 47-இல் வேங்கைப் பூ உதிர்ந்த பாறை நிலவில் புலிக்குட்டி போலத் தெரிகிறது. இரவில் களவாக வருபவனுக்கு நீ நல்லவள் இல்லை என்று தோழி நிலவைத் திட்டுகிறாள். திட்டு நிலவுக்கு, செய்தி தலைவனுக்கு: இரவில் வருவது ஆபத்து, திருமணம் செய்துகொள்.

பூவைப் பரிசாகக் கொடுத்தால் என்ன பொருள்?

காதலன் கொடுக்கும் பூவுக்கும் தழைக்கும் கையுறை என்று பெயர். தழை என்பது இலையும் பூவும் சேர்த்துத் தொடுத்து இடையில் உடுத்துவது. வாங்கிக்கொண்டால் சம்மதம். பொது இடத்தில் உடுத்தினால் ஊருக்கே சொன்னது மாதிரி. ஆகவே தோழி எளிதில் வாங்கமாட்டாள்.

குறுந்தொகையின் முதல் பாட்டே மறுப்புத்தான். அவன் செங்காந்தளோடு வருகிறான். தோழி சொல்வது இவ்வளவே: அவுணரை (அசுரரை) கொன்று களத்தைச் சிவக்க வைத்த முருகனின் எங்கள் குன்றத்தில் குருதி நிறப் பூவாகிய காந்தள் குலைகுலையாக இருக்கிறது. "எங்களிடமே நிறைய இருக்கிறது" என்பதற்கு மேல் மறுப்பு எதற்கு?

எருக்கு இழிந்த பூவா, உயர்ந்த பூவா?

சூடுபவரைப் பொறுத்தது. காதல் கைகூடாத ஆண், பனைமடலில் குதிரை செய்து அதில் ஏறி, எருக்கங்கண்ணி (தலையில் சூடும் எருக்க மாலை) சூடி, ஊர்த்தெருவில் வருவான். அதுதான் மடலேறுதல். குறுந்தொகை 17-இல் பேரெயின் முறுவலார் இதைச் சொல்கிறார்: காமம் முற்றினால் மடலைக் குதிரை என்று ஊர்வார்கள், எருக்கைப் பூ என்று சூடுவார்கள். ஊரார் சூடாத பூவைச் சூடியவன் மானத்தை விட்டவன் என்பது பார்த்தவுடன் தெரியும். பெண் வீட்டாருக்கு அதுவே நெருக்கடி.

ஆனால் புறநானூறு 106-இல் கபிலர், நல்லது தீயது என்று பாராமல் எருக்கையே கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்லமாட்டார், பாரியும் அப்படித்தான் என்கிறார். இன்றும் பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கமாலை விற்கிறது. வீட்டு வாசலில் எருக்கு முளைத்தால் பிடுங்கிப் போடுவதும் அதே ஊரில்தான்.

போர்ப்பூக்கள் எவை? எந்தப் பூ எதைக் குறிக்கும்?

மாட்டு மந்தையைக் கவரப் போகிறவர்கள் வெட்சி. மீட்கப் போகிறவர்கள் கரந்தை. பகைநாட்டின் மேல் படையெடுத்தால் வஞ்சி. அதை எதிர்த்து நின்றால் காஞ்சி. கோட்டையைக் காப்பவர் நொச்சி, முற்றுகை இடுபவர் உழிஞை. இருவரும் வெளிக்களத்தில் நேருக்கு நேர் மோதினால் தும்பை. வென்றவர் வாகை. வீரர் தலையில் இருப்பது எந்தப் பூ என்று பார்த்தால், அவர்கள் எந்தப் பக்கம், போர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன எட்டு, ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் உள்ள பிரிப்பு. தொல்காப்பியத்தில் கரந்தை வெட்சிக்குள் அடக்கம், நொச்சி உழிஞைக்குள் அடக்கம். காஞ்சிக்குப் பொருளே வேறு: உலகத்தின் நிலையாமை. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடிய மதுரைக்காஞ்சியை "எதிர்த்து நிற்கும் போர்" என்று விளக்கினால் மொத்தமும் தவறிப்போகும். அது நிலையாமையை எடுத்துச் சொல்லும் பாட்டு. எந்த இலக்கணத்தின்படி பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொல்காப்பியர் போர் பற்றிய புறத்திணைகளைக் காதல் பற்றிய அகத்திணைகளோடு இணைத்ததில்தான் உண்மையான ருசி. வெட்சி குறிஞ்சியின் புறம்: இரண்டும் இரவில், களவாக நடப்பவை. வஞ்சி முல்லையின் புறம்: அவன் பாசறையில், அவள் வீட்டில். உழிஞை மருதத்தின் புறம்: அங்கே அடைத்த கோட்டைக் கதவு, இங்கே ஊடலில் அடைத்த வீட்டுக் கதவு. தும்பை நெய்தலின் புறம்: பரந்த வெளி, பின்னால் பெண்களின் அழுகை. வாகை பாலையின் புறம். இது பொருந்தவில்லையே என்று தோன்றினால் குறுந்தொகை 7-ஐப் பாருங்கள். பாலை வழியில் காற்றடித்து வாகையின் வெண்ணிற நெற்றுகள் (உலர்ந்த காய்கள்) ஆரியக் கூத்தரின் பறைபோல ஒலிக்கின்றன. வெற்றியின் மரம் வறண்ட காட்டில்தான் நிற்கிறது.

நொச்சியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

நொச்சி இரண்டு இடங்களுக்கும் பொது: பெண்ணின் இடைக்குத் தழை, காவல் வீரனின் தலைக்குக் கண்ணி. புறநானூறு 272-இல் மோசி சாத்தனார் அதை அன்புக்குரிய நல்ல மரமே என்று விளித்து, இரண்டு உரிமையும் உனக்கே என்கிறார். அதற்கு முந்தைய பாட்டில் (271) வெறிபாடிய காமக்காணியார் காட்டும் காட்சி கடுமையானது. முன்பு பெண்கள் உடுத்திப் பார்த்த அதே நொச்சி, இப்போது வீரன் சூடிய மாலையாக வெட்டுண்டு, இரத்தத்தில் ஊறி உருத்தெரியாமல் கிடக்கிறது. இறைச்சி என்று நினைத்துப் பருந்து அதைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. வீரனின் சாவைப் புலவர் ஒரு சொல்லில்கூடக் கூறவில்லை.

கிரிக்கெட்டில் ஜெயித்தவரை "வாகை சூடினார்" என்று எழுதுவது சரியா?

தாராளமாக எழுதலாம். தொல்காப்பியத்தில் வாகை போர் வெற்றிக்கு மட்டும் உரியதல்ல. அவரவர் தொழிலிலும் ஒழுக்கத்திலும் மேம்படுவதும் வாகைதான். தேர்வில் முதலிடம் பெற்றவருக்கும் பொருந்தும். தோற்ற அணியைப் பற்றி "தும்பை சூடினர்" என்று எழுதுவதுதான் பிழை. தும்பை இரு தரப்புக்கும் பொது.

மூவேந்தர் பூக்கள் எதற்காக?

சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி (ஆர் என்பதும் அதுவே), பாண்டியருக்கு வேம்பு. போர்க்களத்தில் எந்த அரசனின் படை என்று தெரிவதற்கான அடையாளம். சீருடை என்றே சொல்லலாம்.

இதன் முழு வலிமையும் புறநானூறு 45-இல் தெரியும். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி. இருவரும் சோழர்கள். கோவூர்கிழார் சொல்கிறார்: உன்னை எதிர்ப்பவன் பனந்தோடு சூடியவன் அல்லன், வேப்பந்தெரியல் (வேப்ப மாலை) அணிந்தவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, உன்னோடு பொருபவன் கண்ணியும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். "தம்பிமார் சண்டை வேண்டாம்" என்று சொல்லவில்லை, பூவைக் காட்டினார்.

கண்ணி, தார், கோதை எல்லாம் மாலைதானே?

இடம் வேறு. கண்ணி தலையில் சூடுவது. தார் மார்பில் அணிவது, பெரும்பாலும் ஆண்களுக்கு. கோதை பெண்கள் அணிவது. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவனுக்குக் கண்ணியும் கொன்றை, மார்பில் தாரும் கொன்றை என்று இரண்டையும் தனித்தனியே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். ஓவியத்திலும் நாடகத்திலும் போர்ப்பூவைக் கழுத்து மாலையாகப் போட்டுவிடுகிறார்கள். கண்ணி தலைக்குத்தான்.

நெய்தல், ஆம்பல், குவளை, தாமரை: எப்படிப் பிரிப்பது?

தாமரையின் இலை தண்ணீருக்கு மேல் எழுந்து நிற்கும், வட்டமாக, பிளவின்றி இருக்கும், நீர் ஒட்டாது. மற்ற மூன்றும் அல்லி இனம். இலை மிதக்கும், காம்பு சேரும் இடத்தில் ஆழமான வெட்டு இருக்கும். அவற்றுள் ஆம்பல் மாலையில் விரிந்து காலையில் மூடும், பெரும்பாலும் வெள்ளை. இலை ஓரம் பல் பல்லாக இருக்கும், அடிப்பக்கம் மயிர் போன்ற தூவி இருக்கும். நெய்தல் நீலம், பகலில் விரியும், மாலையில் கூம்பும். பாடல்களில் குவளை பெரும்பாலும் மலைச்சுனையிலும் குளத்திலும், நெய்தல் கழியிலும் (கடலோர உப்பங்கழி) வயலிலும் வரும். படம் போடுபவர்கள் நெய்தலுக்கு இளஞ்சிவப்பு அல்லியைப் போட்டுவிடுகிறார்கள். அது நெய்தல் அல்ல.

நெய்தல் என்ற பெயர் சாவுப்பறைக்கும் உண்டு. புறநானூறு 194-இல் ஒரு வீட்டில் நெய்தற்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு. கூடியவர் பூ அணிகிறார்கள், பிரிந்தவர் கண்ணில் நீர். பூ அணிவதும் அணியாமல் இருப்பதும் அங்கே ஒரு வீட்டின் நிலையைச் சொல்லிவிடுகின்றன.

மருதம் எந்த மரம்?

ஆற்றோரத்தில் வழுவழுத்த வெளிர் அடிமரத்தோடு நிற்கும் நீர்மருது என்று பலரும் சொல்வார்கள். அதன் பூ வெளிறியது, கண்ணில் படாதது. குறுந்தொகை 50 "செவ்வீ மருது" என்கிறது; சிவந்த பூ. வெண்கடுகு போன்ற ஞாழல் பூவோடு அது கலந்து கிடந்து துறையை அழகாக்குகிறது. அந்த வரிக்கு ஊதா கலந்த செம்மை நிறத்தில் கொத்தாகப் பூக்கும் பூமருதுதான் பொருந்தும். படம் போட வேண்டுமென்றால் பூமருதைப் போடுங்கள்.

அனிச்சம்?

முகர்ந்தாலே வாடும் பூ. முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடுவார்கள் என்று திருக்குறள் ஒப்பிடுவது இதைத்தான். எந்தச் செடி என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த முடிவு இல்லை. நர்சரியில் "இதுதான் அனிச்சம்" என்று விற்றால் செடி பிடித்திருந்தால் வாங்குங்கள், பெயருக்காக வாங்க வேண்டாம்.

குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுக்கும் மறைபொருள் உண்டா?

தனித்தனியே இல்லை. கபிலரின் 261 அடிப் பாட்டில் பெண்கள் பறித்துப் பாறையில் குவித்த பூக்கள் அவை. செங்காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று ஓடுகிறது. ஆம்பல் மலைப்பூ அல்லவே என்று கேட்க வேண்டியதில்லை. தோழி செவிலியிடம் (தலைவியை வளர்த்த தாயிடம்) மகளின் காதலைச் சொல்ல வேண்டிய இக்கட்டில் இருக்கிறாள். பூப்பறித்து விளையாடினோம், குற்றமில்லாத நாள் அது என்று நிறுவ அந்த நீண்ட வரிசை உதவுகிறது. மறைபொருள் பட்டியலின் நீளத்தில் இருக்கிறது, ஒவ்வொரு பூவிலும் இல்லை.

பள்ளி விழாவுக்கு எட்டுப் போர்ப்பூக் கண்ணி கட்ட வேண்டும். எங்கே கிடைக்கும், எப்படிக் கட்டுவது?

வெட்சி எளிது: இட்லிப்பூ. சிவப்பு நிறம் எடுங்கள். கரந்தைக்கு அறுவடை முடிந்த நெல்வயலைப் பாருங்கள். கொட்டைக்கரந்தை தரையோடு படர்ந்து ஊதா நிற உருண்டைப் பூவோடு இருக்கும். புறநானூறு 261 இளம்பசுவின் முலைக்காம்பு போன்றது என்று சொல்வது கையில் எடுத்தால் புரியும். மாடு மீட்கப் போகிறவனுக்கு அது பொருத்தமான பூதான். திருநீற்றுப்பச்சையையும் கரந்தை என்பார்கள், அது வேறு. நொச்சி வேலியோரத்தில் கிடைக்கும். உழிஞை என்று பெரும்பாலும் கொள்வது முடக்கத்தான். பூ மிகச் சிறியது, ஆகவே காற்றடைத்த முப்பட்டைக் காயோடு கொடியாகவே சுற்றுங்கள். தும்பை மழைக்குப் பிறகு வெறும் நிலத்தில் கிடைக்கும். வாகை கோடையில் சாலையோரத்தில். காஞ்சிக்கு ஆற்றுப்பூவரசு, வஞ்சிக்கு ஆற்றுப்பாலை என்பது பலர் கருத்து. இரண்டும் ஊருக்குள் கிடைப்பது கஷ்டம், படம் வரைந்து வைப்பது நேர்மை. அகப்பட்ட ஏதோ ஒரு கொடியை வஞ்சி என்று சூட்டிவிடாதீர்கள்.

வாழைநாரைப் பத்து நிமிடம் நனைத்து, ஒரு தலைக்கு சுமார் 90 செ.மீ. வெட்டுங்கள். பிள்ளைகளின் தலைச்சுற்று 50 செ.மீ. சொச்சம், மீதி முடிச்சுக்கு. வெட்சியில் 12 முதல் 15 கொத்து போதும். தும்பைப் பூவைத் தனித்தனியே தொடுக்காதீர்கள், தொட்டாலே கழன்று விழும். தண்டோடு கிள்ளி, கணுவோடு சேர்த்து சுமார் 40 கிளைகள் வைத்துக் கட்டுங்கள். நொச்சியும் பூ உதிரும், இலையோடு கட்டினால் நிற்கும். பாட்டிலும் தழைதான். வாகையின் மகரந்த இழைகள் சில மணி நேரத்தில் தொங்கிவிடும், ஆகவே காலை நிகழ்ச்சிக்கு அன்று காலையே பறியுங்கள், ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முந்தின இரவே கட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் பழுத்துப்போகும்.

செங்காந்தளை மேடையில் வைக்கலாமா?

தமிழ்நாட்டின் மாநில மலர்தான், பார்க்க அழகுதான். ஆனால் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். சிறு பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், பறித்தவர் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தலையில் சூட்டுவதற்குத் துணியில் செய்த பூ போதும்.

ரோஜாவின் நிறத்துக்கு ஒரு பொருள் என்கிறார்களே, அதுவும் இதுபோலத்தானா?

வேறு மரபு. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பூவுக்கு ஒரு சொல் என்று அகராதி போட்டார்கள். 1819-இல் பாரிஸில் ஷார்லோத் தெ லத்தூர் என்ற புனைபெயரில் வந்த நூல் அந்த மோகத்தைப் பரப்பியது. அங்கே பூ தனித்து நின்றே பேசும். வாழ்த்து அட்டைக்கு அது வசதி. அந்த முறையை முல்லைக்கும் கொன்றைக்கும் பொருத்திப் பார்க்கும் கட்டுரைகள்தான் குழப்பத்துக்கு முக்கியக் காரணம்.

குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும்?

மூணாறு, இரவிகுளம் பகுதியில் 2006-இலும் 2018-இலும் பெருமளவில் பூத்தது. அந்தக் கணக்கில் அடுத்தது 2030. இடையில் வேறு ஆண்டுகளில் "குறிஞ்சி பூத்தது" என்று செய்தி வந்தால் அது வேறு மலைச்சரிவில் உள்ள கூட்டமாகவோ, அதே இனத்தைச் சேர்ந்த வேறு வகையாகவோ இருக்கும். போனால் பறிக்காதீர்கள். பூத்துக் காய்த்து விதை விழுந்தவுடன் செடி பட்டுப்போகிறது, அடுத்த தலைமுறை அந்த விதையிலிருந்துதான் வர வேண்டும்.